பள்ளிக்கூடம் போகாத பேராசிரியர்!

1892-ம் ஆண்டு லண்டன் நகரில் உள்ள யூனிவர்சிடி கல்லூரியில் ஒரு புதிய பேராசிரியர் பதவி ஏற்றார். அவருக்கு வயது 39. எகிப்து நாட்டின் பழமையைப் பற்றிப் பாடம் சொல்லுவது அவர் வேலை. இங்கிலாந்தில் அந்தப் பாடத்துக்கு ஏற்பட்ட முதல் பேராசிரியர் பதவி அதுதான்.

ஆனால், அந்தப் பேராசிரியர் எந்தக் கல்லூரியிலும் பட்டம் வாங்கியவர் அல்ல. சிறு வயதில் பள்ளிக்கூடத்துக்கே போகாதவர்!

அவர் பெயர், பிளிண்டர்ஸ் பெட்ரி.

மண்ணில் புதைந்து கிடப்பதைத் தோண்டி எடுத்து, பழங்கால மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கண்டறிவது புதைபொருள் ஆராய்ச்சி. தொல்லியல் என்றும் அதைச் சொல்லுவார்கள். இன்று கல்லூரியில் சேர்ந்து அதைப் படிக்கலாம், பட்டமும் வாங்கலாம். பெட்ரி இளைஞராக இருந்தபோது இங்கிலாந்தில் அதற்கென்று பட்டப் படிப்பு இல்லை. மண்வெட்டி பிடித்து வேலை செய்வதைப் படிப்பு என்று யாரும் எண்ணவும் இல்லை.

நோயாளிச் சிறுவன்

1853-ம் ஆண்டு ஜூன் மாதம் 3-ந் தேதி, லண்டனை அடுத்த சார்ல்டன் என்ற ஊரில் பெட்ரி பிறந்தார். தாயைப் பெற்ற பாட்டனார் மாத்யூ பிளிண்டர்ஸ், பெயர்பெற்ற கப்பல் தலைவர். ஆஸ்திரேலியாக் கண்டத்தைக் கப்பலில் சுற்றி வந்து படம் வரைந்தவர். அந்தப் பாட்டனாரின் பெயர்தான் பேரனுக்கும்.

குழந்தைக்கு அடிக்கடி நோய் வந்தது. பள்ளிக்கு அனுப்பப் பெற்றோருக்குத் துணிவு வரவில்லை. வீட்டில் வைத்தே லத்தீன், கிரேக்க இலக்கணத்தைப் புகட்டினார்கள். பையன் தாங்கவில்லை; படுத்துவிட்டான். அதன் பிறகு அவனை அவன் போக்கில் விட்டுவிட்டார்கள்.

தாயார் கல் வகைகளைச் சேர்த்து வைத்திருந்தார். தந்தையார் நில அளவை தெரிந்தவர். கல்லைப் பார்க்கத் தாயிடம் கற்றான். அளவு எடுக்கத் தந்தையிடம் கற்றான்.

எட்டு வயதில் ஒரு நாள், பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தான். வைட் தீவில் ரோமானியர் காலத்து வீடு ஒன்றைத் தோண்டிய விவரம் அது. மண்ணைக் கண்டபடி வாரி எறிந்தார்கள் என்று கேட்டதும் சிறுவன் பதறிப் போனான். மண்ணை அங்குலம் அங்குலமாக அல்லவா சீவ வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதியபோது பெட்ரியே இதைச் சொல்லியிருக்கிறார்.

பிரமிடை அளந்தார்

எகிப்தில் உள்ள பெரிய பிரமிடைப் பற்றி அந்தக் காலத்தில் ஒரு கதை பரவி இருந்தது. அதன் அளவுகளில் தெய்வ ரகசியம் அடங்கி இருக்கிறது, ஆண்டுக்கு எத்தனை நாள் என்ற கணக்குக்கூட அடித்தள நீளத்தில் இருக்கிறது என்று பியாசி ஸ்மித் என்ற வானநூல் அறிஞர் எழுதினார். பெட்ரியின் தந்தையும் அதை நம்பினார். பெட்ரிக்கும் முதலில் நம்பிக்கை இருந்தது.

நம்பியதோடு நிற்காமல் நேரில் அளந்து பார்க்கத் துணிந்தார். 1880-ம் ஆண்டு டிசம்பரில் எகிப்துக்குப் போனார். பிரமிடுக்குப் பக்கத்தில் இருந்த பழைய கல்லறைக் குகையே அவருக்கு வீடு. பிரமிடுக்கு உள்ளே கடும் புழுக்கம். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் போன பிறகு, இரவில் உள்ளே போய் அளந்தார்.

அடித்தளத்தின் ஒரு பக்கம் சுமார் 755 அடி. ஸ்மித்தின் கணக்குக்கு வேண்டிய நீளத்தைவிட அது 5 அடிக்கு மேல் குறைவு! தெய்வ ரகசியக் கதை அத்துடன் ஆட்டம் கண்டது. 1883-ம் ஆண்டில் அளவுகளை எல்லாம் புத்தகமாக வெளியிட்டார். பெரியவர்கள் சொன்னதாக இருந்தாலும், தந்தையே நம்பியதாக இருந்தாலும், அளந்து பார்க்க வேண்டும் என்பதே பெட்ரி தமக்குத் தாமே கற்றுக்கொண்ட முதல் பாடம்.

உடைந்த சட்டி

அந்த நாளில் பழைய இடங்களைத் தோண்டியவர்கள் சிலை, தங்கம், மம்மி ஆகியவற்றையே தேடினார்கள். உடைந்த சட்டி பானை கிடைத்தால் வீசி எறிந்தார்கள். பெட்ரி அந்த ஓடுகளைப் பொறுக்கினார்.

ஊருக்கு வெளியே உள்ள பழைய குப்பை மேட்டை வெட்டினால் என்ன கிடைக்கும்? மேலே பிளாஸ்டிக். அதன் கீழே எவர்சில்வர். இன்னும் கீழே அலுமினியம், பித்தளை. அடியில் மண்பானை ஓடு. எந்த அடுக்கு முந்தியது, எது பிந்தியது என்று எழுதப் படிக்கத் தெரியாதவரும் சொல்லிவிடலாம். பெட்ரி பிடித்துக்கொண்ட உண்மை இதுதான்.

1890-ம் ஆண்டு பாலஸ்தீனத்தில் உள்ள டெல் எல் ஹெசி என்ற மேட்டை ஆறு வாரம் ஆராய்ந்தார். சுமார் 60 அடி உயரத்துக்கு, ஊர் மேல் ஊராகக் குவிந்த மேடு அது. ஒவ்வோர் அடுக்கின் காலத்தையும் பானை ஓட்டை வைத்தே பிரித்துக் காட்டினார்.

ஒரு பெண்ணின் உயில்

அமீலியா எட்வர்ட்ஸ் என்ற அம்மையார் இங்கிலாந்தில் புகழ்பெற்ற நாவலாசிரியை. நைல் நதியில் பயணம் செய்து, பழஞ்சின்னங்கள் அழிவதைக் கண்டு வருந்தினார். 1882-ம் ஆண்டில் எகிப்து ஆராய்ச்சிக்காக ஒரு நிதிச் சங்கம் அமைத்தார். பெட்ரியின் திறமையை அவர் நன்கு அறிவார்.

1892-ம் ஆண்டு ஏப்ரலில் அம்மையார் காலமானார். தம் பணத்தையும் நூல்களையும் யூனிவர்சிடி கல்லூரிக்கு எழுதி வைத்து, பேராசிரியர் பதவி ஏற்படுத்தச் சொல்லியிருந்தார். அந்தக் கல்லூரியில் படித்த பெண்களுக்கும் லண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டம் கிடைத்தது. ஆக்ஸ்போர்டு 1920-ம் ஆண்டு வரையிலும், கேம்பிரிட்ஜ் 1948-ம் ஆண்டு வரையிலும் பெண்களுக்குப் பட்டம் தரவில்லை.

பதவிக்கு வருகிறவர் 40 வயதைத் தாண்டக் கூடாது, பிரிட்டிஷ் மியூசியத்தில் உத்தியோகம் பார்க்கக் கூடாது என்று உயிலில் நிபந்தனைகள் இருந்தன. பெயரைச் சொல்லாமலே பெட்ரியைச் சொல்லிவிட்டார் அம்மையார்!

கல்கத்தாவில் பிறந்த ஆசிரியை

பேராசிரியர் குளிர்காலம் முழுவதும் எகிப்தில் தோண்டிக்கொண்டு இருப்பார். அப்போது வகுப்பு நடத்துவது யார்?

அந்தப் பொறுப்பைத் தாங்கியவர் மார்கரெட் மர்ரே. 1863-ம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். அங்கே சிறிது காலம் நர்ஸ் வேலை பழகினார். இங்கிலாந்தில் அந்த வேலைக்கு, உயரம் போதாது என்று அவரை எடுத்துக்கொள்ளவில்லை. 1894-ம் ஆண்டு பெட்ரியிடம் படிக்க வந்தார். விரைவில் அவரே பாடம் சொல்ல ஆரம்பித்தார்.

நாளடைவில் அங்கே இரண்டாண்டுப் பயிற்சி ஒன்று உருவாயிற்று. எகிப்திய எழுத்து, வரலாறு, சமயம், மனித எலும்பு, கல் வகை, படம் வரைதல் எல்லாம் அதில் அடங்கும். புத்தகம் படித்தால் மட்டும் போதாது; கண்ணும் கையும் பழக வேண்டும் என்பது அந்தப் பயிற்சியின் அடிப்படை. ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்தார்கள்.

எகிப்தியத் தொழிலாளர்

தோண்டும் இடம் இன்னொரு வகுப்பு. அங்கே மாணவர்கள் ஏழை விவசாயிகள். குப்த் என்ற ஊர்க்காரர்களைப் பெட்ரி பழக்கினார். கண்டெடுத்த பொருளுக்கு உரிய விலையை, கூலிக்கு மேல் இனாமாகக் கொடுத்தார். அதனால் பொருள் திருட்டு வியாபாரிக்குப் போகவில்லை. மண்ணின் நிறம் மாறுவதைக் கண்டு கையை நிறுத்தும் திறமையை அவர்கள் பெற்றார்கள். அந்த வித்தை பரம்பரைத் தொழிலாயிற்று. பிற்காலத்தில் எகிப்து எங்கும் குப்த் ஊர்க்காரர்களைத் தேடி அழைத்தார்கள்.

கிடைத்த பொருளில் ஒரு பங்கு கெய்ரோவுக்குப் போயிற்று. மற்றது வெளிநாடுகளுக்குப் போயிற்று. அந்த வழக்கத்தை எகிப்து பின்னர் சட்டம் போட்டு நிறுத்தியது. பெட்ரி சேர்த்த சேகரிப்பை 1913-ம் ஆண்டு கல்லூரி வாங்கியது. லண்டனில் பெட்ரி காட்சிசாலையில் இன்று 80,000 பொருள்கள்வரை இருக்கின்றன.

தவறும் திருத்தமும்

1895-ம் ஆண்டு பெட்ரி நகாடா என்ற இடத்தில் 2,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டினார். அங்கே கிடைத்த பானைகள் புதுமாதிரியாக இருந்தன. வெளியிலிருந்து படையெடுத்து வந்த புதிய இனத்தாரின் கல்லறைகள் அவை என்று எழுதிவிட்டார். அது தவறு. பிரெஞ்சு அறிஞர் ழாக் தெ மோர்கன், அவை பிரமிடுகளுக்கும் முந்திய பழங்குடிகளின் கல்லறைகள் என்று காட்டினார். பெட்ரி அதை ஏற்றுக்கொண்டார். ஆனால், இனத்துக்கு இனம் உயர்வு தாழ்வு உண்டு என்ற எண்ணத்தை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை. இன்றைய அறிஞர்கள் அதை ஏற்பதில்லை.

அந்தக் கல்லறைகளில் எழுத்து இல்லை. மன்னர் பெயர் இல்லை. காலத்தை எப்படி அறிவது? பெட்ரி சுமார் 900 கல்லறைகளுக்கு ஆளுக்கொரு சீட்டுப்போல் அட்டைத் துண்டு போட்டார். எந்தக் கல்லறையில் எந்த மாதிரிப் பானைகள் என்று அதில் குறித்தார். ஒரு வகை ஜாடிக்கு முதலில் பிடிமானத்துக்கு நல்ல கைப்பிடி இருந்தது. பிறகு அது சிறுத்தது. கடைசியில் வெறும் அலங்காரக் கோடாகிவிட்டது! அந்த மாற்றத்தைப் பின்பற்றி அட்டைகளை வரிசைப்படுத்தினார். வரிசைக்கு எண்களும் கொடுத்தார்.

ஆனால், எண்களை 1-ல் தொடங்கவில்லை. 30-ல் தொடங்கி 80-ல் முடித்தார். இதைவிடப் பழையது ஒரு நாள் கிடைக்கலாம். கண்டுபிடிப்பவருக்கு இடம் வேண்டும் என்று முதல் 29 எண்களையும் காலியாக விட்டுவைத்தார்.

நிரம்பிய இடம்

பெட்ரிக்கு 1923-ம் ஆண்டு சர் பட்டம் கிடைத்தது. 1933-ம் ஆண்டு பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1942-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி, 89-ம் வயதில், ஜெருசலேமில் காலமானார். உடல் அங்கே அடக்கம் ஆயிற்று. தலையை மட்டும் ஆராய்ச்சிக்காக லண்டனில் உள்ள அறுவை மருத்துவர் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் பாடம் சொன்ன யூனிவர்சிடி கல்லூரியில் இன்று தொல்லியல் இளங்கலைப் பட்டப் படிப்பு இருக்கிறது. வகுப்பில் படிப்பதோடு, தோண்டும் இடத்துக்குப் போய் வேலை பழகுவதும் அதில் உண்டு.

காலியாக விட்ட 29 எண்கள் என்ன ஆயின? அவர் உயிரோடு இருக்கும்போதே அதற்கு விடை கிடைத்துவிட்டது. அவரிடம் படித்த கை பிரன்டன், கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் என்ற இருவரும் 1920-களில் பதாரி என்ற பகுதியைத் தோண்டினார்கள். நகாடாவையும்விட முந்திய மக்களின் பானைகள் அங்கே கிடைத்தன. கேட்டன் தாம்சன் அம்மையார் ஒரு பழைய கிராமத்தை அடுக்கடுக்காகச் சீவி எடுத்தார். பெட்ரி அட்டைகளை வைத்துச் சொன்ன வரிசைப்படியே மண்ணும் அடுக்கி வைத்திருந்தது! 1928-ம் ஆண்டில் இருவரும் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். பள்ளிக்கூடம் போகாத ஆசிரியர் விட்டுவைத்த இடத்தை, அவருடைய மாணவர்களே நிரப்பினார்கள்.