சாலையில்லாக் கண்டத்தில் கார் ஓட்டியவர்

மார்சிலிங்கில் வசிப்பவர்களுக்குக் கடற்பாலத்து நெரிசல் புதிதல்ல. வெள்ளிக்கிழமை மாலையானால் ஜொகூர் பக்கம் போகும் கார்கள் உட்லண்ட்ஸ் வரை வரிசை பிடித்து நிற்கும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 1924ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, லண்டனிலிருந்து புறப்பட்ட ஒரு கார் மலாயா தீபகற்பத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வந்தது. அன்று தீவுக்குள் சாலை வழியாக நுழைய கடற்பாலத்தை விட்டால் வேறு வழி கிடையாது. காரை ஓட்டி வந்தவர் பிரான்சிஸ் பர்ட்டில்ஸ். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் காரில் சென்ற முதல் மனிதர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

பர்ட்டில்ஸ் 1881ல் மெல்பர்னில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். பதின்ம வயதிலேயே கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, தென்னாப்பிரிக்காவில் கப்பலை விட்டு ஓடிப்போய், அங்கு நடந்த போரில் கலந்துகொண்டார். பிறகு கடும் காய்ச்சலோடு நாடு திரும்பினார். 1905 டிசம்பரில் மேற்குக் கரையிலுள்ள ஃபிரிமேன்டலிலிருந்து மெல்பர்னுக்கு ஒரு சைக்கிளில் தனியாகக் கிளம்பினார். அதன் பிறகு அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. 1912க்குள் சைக்கிளிலேயே கண்டத்தை இரண்டு முறை சுற்றிவிட்டார், ஏழு முறை குறுக்கே கடந்துவிட்டார். புகைப்படம் எடுத்து, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். இன்றைய பயணக் காணொளிக்காரர்களுக்கு அவரை முன்னோடி என்றே சொல்லலாம், ‘லைக்’ வாங்கும் வசதிதான் அப்போது இல்லை.

அந்த 1912லேயே அவர் காருக்கு மாறினார். சிட் ஃபெர்குசன் என்பவரையும் ரெக்ஸ் என்ற நாயையும் ஏற்றிக்கொண்டு ஃபிரிமேன்டலிலிருந்து சிட்னிக்குக் கிளம்பினார். மேற்கிலிருந்து கிழக்காகக் கண்டத்தைக் காரில் கடந்தது அதுவே முதல் முறை. அவர் ஓட்டியது ‘பிரஷ்’ என்ற அமெரிக்க வண்டி. அதன் இயந்திரத்துக்கு ஒரே ஒரு சிலிண்டர், சட்டமும் அச்சும் மரத்தால் ஆனவை. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டிகளில் இன்று நாம் செல்லத் தயங்கும் நிலத்தில், ஒரு மரப்பெட்டியைப் போன்ற காரில் அவர் போயிருக்கிறார்.

அந்த நிலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இதன் பெருமை புரியும். ஆஸ்திரேலிய உள்நாட்டுப் பாதைகளில் ஓட்டுநரை ஏமாற்றுவது பெரும்பாலும் மண்தான். முகப்பவுடர்போல் மிக மெல்லிய தூசி குழிகளை மேடு தெரியாமல் நிரப்பிவிடும். தரை சமமாக இருக்கிறது என்று நம்பிச் செல்லும் சக்கரம் திடீரென அரை அடி இறங்கும். வறண்ட ஆற்றுப் படுகையில் கால் புதையும் மணல் இருக்கும். சில வட்டாரங்களில் கரிசல் மண், மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும். பிறகு அது காயும்வரை காத்திருக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

இன்னொன்று, பாதை தகரக் கூரைபோல் அலை அலையாக மாறிவிடுவது. யாரும் அப்படி அமைப்பதில்லை. இறுகாத மண்மீது சக்கரம் ஓரளவு வேகத்தில் உருளும்போது ஒரு சிறு மேட்டில் துள்ளி, விழும் இடத்தில் மண்ணை அழுத்தி அடுத்த மேட்டை உண்டாக்குகிறது. பின்னால் வரும் ஒவ்வொரு வண்டியும் அதே இடங்களில் துள்ளி அலையை ஆழமாக்குகிறது. நாள் முழுக்க அதிர்ந்தால் மறைகள் கழலும், வில்தகடுகள் முறியும், தண்ணீர்த் தொட்டியில் கசிவு வரும். இதோடு ஸ்பினிஃபெக்ஸ் என்ற முள்புல்லும் சேர்ந்துகொள்ளும். அதன் விதைகள் ரேடியேட்டரை அடைக்க, இயந்திரம் கொதிக்கும். காய்ந்த புல் புகைக்குழாய் அருகே சேர்ந்தால் தீப்பிடிக்கும். (புதிதாக உரிமம் எடுத்த எனக்கு விரைவுச்சாலையில் தடம் மாறுவதே இன்னும் நடுக்கம்.)

தண்ணீர்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. கொதிக்கும் இயந்திரத்துக்கும் தாகத்தில் தவிக்கும் மனிதனுக்கும் ஒரே கேன்தான். எங்கே தோண்டினால் ஊற்று கிடைக்கும், எந்தப் பாறை இடுக்கில் மழைநீர் தங்கும் என்பதைப் பூர்வகுடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அறிந்திருந்தனர். வெள்ளைக்கார பயணிகள் பலர் உயிரோடு திரும்பியது அந்த அறிவால்தான். சாதனைப் பட்டியல்களில் அவர்கள் பெயர் இல்லை.

நம் பக்கத்து ஆட்களும் இந்தக் கதையில் உண்டு. அன்று உட்பகுதியில் பெட்ரோல் நிலையம் ஏது? பெட்ரோல் தகர டின்களில், பல இடங்களில் ஒட்டகத்தின் முதுகில்தான் வந்தது. அந்த ஒட்டகங்களை நடத்தியவர்கள் 1860களிலிருந்து பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப், ஆப்கானிஸ்தான் பகுதிகளிலிருந்து சென்றவர்கள். ஆஸ்திரேலியர்கள் அவர்கள் எல்லாரையும் ‘ஆப்கானியர்’ என்றே அழைத்தனர். தாங்கள் சுமந்து சென்ற எரிபொருளே அவர்கள் பிழைப்பை எரித்தது. லாரிகள் வந்தன, ஒட்டகங்கள் வேண்டாதவையாகின. அவிழ்த்துவிடப்பட்ட ஒட்டகங்களைக் கொல்ல வழிசெய்யும் சட்டத்தையே 1925ல் தென் ஆஸ்திரேலியா இயற்றியது. பர்ட்டில்ஸைப் போன்றவர்கள் கார் ஓட்டிக் காட்டிய ஒவ்வொரு பாதையும் இன்னொருவர் தொழிலின் முடிவாகவும் இருந்தது என்பதை நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

1927 அக்டோபர் 19ஆம் தேதி அவர் லண்டனிலிருந்து புறப்பட்டார். இம்முறை வண்டி ‘பீன்’ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் திறந்த கார். அவர் அதற்கு வைத்த பெயர் ‘சண்டவுனர்’. வேலை முடிந்த பிறகு, பொழுது சாயும் நேரமாகப் பார்த்துப் பண்ணைக்குச் சென்று சாப்பாடு கேட்கும் நாடோடியை ஆஸ்திரேலியர்கள் அப்படி அழைப்பார்கள். ஐரோப்பா, மத்திய கிழக்கு, பாரசீகம், இந்தியா என்று கார் வந்தது. வழியில் பெர்சி ஸ்டொலரி என்ற கனடியர் சேர்ந்துகொண்டார். இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் இடையிலுள்ள நாகா மலைகளில் காருக்கான பாதையே இல்லை. காட்டை வெட்டியும், கயிறு கட்டி இழுத்தும் வண்டியைக் கடத்தினார்கள்.

அதற்குப் பிறகு மலாயாவின் சாலைகள் அவருக்குப் பட்டுப் பாய்போல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்நாட்டின் சாலைகளிலும் ரயில் தடங்களிலும் கல் உடைத்துத் தார் ஊற்றியவர்களில் பெரும்பங்கு தமிழ்த் தொழிலாளர்கள். நம் தாத்தா பாட்டிகளில் சிலர் அந்தச் சாலையோரத்தில் நின்றிருக்கவும்கூடும்.

சிங்கப்பூரிலிருந்து கார் கப்பலில் டார்வினுக்குப் போனது. மீண்டும் அதே தூசி, அதே மணல். 1928 ஜூலையில் மெல்பர்ன் வந்து சேர்ந்தபோது ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 26,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வாழ்நாளில் அவர் ஆஸ்திரேலியாவை எழுபதுக்கும் அதிகமான முறை கடந்ததாகக் கணக்கிடுகிறார்கள். 1930களில் தங்கம் கண்டெடுத்து வசதியானார். 1935ல் தம் அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். 1941 ஜூலை 1ஆம் தேதி சிட்னியில் காலமானார்.

அவர் தடுமாறிய வழிகளில் பல இன்று தார்ச்சாலைகள். தெற்கே மேற்கையும் கிழக்கையும் இணைக்கும் ஏர் நெடுஞ்சாலை 1976ல் முழுமையாகத் தார் கண்டது. டார்வினிலிருந்து தெற்கே செல்லும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலைக்கு 1987 வரை ஆனது. ஆனாலும் ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீளமுள்ள கேனிங் பாதை போன்றவை இன்னும் மணலாகவே கிடக்கின்றன. டயரில் காற்றைக் குறைத்து மணலில் ஓட்டுவது, தேவைக்கு மேல் தண்ணீர் எடுத்துச் செல்வது, வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடக்கத் தொடங்காமல் அருகிலேயே இருப்பது எல்லாம் அங்கே இன்றும் உயிர் காக்கும் விதிகள். விடுமுறைக்குப் பெர்த் சென்று கார் வாடகைக்கு எடுக்கும் நண்பர்களே, ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். மண் பாதையில் ஓட்டக்கூடாது என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கும்.

சண்டவுனரை பர்ட்டில்ஸ் விற்கவில்லை. நாட்டுக்கென அருங்காட்சியகம் வரும்போது அதில் வைக்கும்படி 1929ல் அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார். கேன்பராவில் ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தின் கட்டடம் திறக்கப்பட்டது 2001ல்.