கணினிக்குத் தொகுப்பி தந்த அம்மையார்

கணினி தானாக எதையும் செய்வதில்லை. மனிதர் எழுதித் தரும் கட்டளைகளின்படியே அது இயங்குகிறது. அக்கட்டளைகளின் தொகுதியை நிரல் என்கிறோம். நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும் கருவிக்குத் தொகுப்பி என்று பெயர். கணினியே தன் நிரலைத் தொகுத்துக்கொள்ளும் என்று பலரும் நம்ப மறுத்த காலத்தில், அதைச் செய்து காட்டியவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

இவர் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். எதையும் பிரித்துப் பார்த்து அறிந்துகொள்ளும் ஆர்வம் இளமையிலேயே இவரிடம் மிகுந்திருந்தது. ஏழு வயதில், எழுப்பொலிக் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்று அறிய விரும்பி, வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார். அதன்பின், ஒரு கடிகாரத்தை மட்டும் கழற்றிப் பார்க்க அன்னை அனுமதித்தார். கணிதத்தில் சிறந்து விளங்கிய ஹாப்பர், 1934இல் ஏல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் விரிவுரையாளராகவும் பணியாற்றினார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஹாப்பர் கடற்படையில் சேர விரும்பினார். ஆனால், அவருடைய வயது வரம்பைக் கடந்திருந்தது. உடல் எடையோ குறைவாக இருந்தது. இருந்தும் விடாது முயன்று, சிறப்பு அனுமதி பெற்று, 1943இல் கடற்படையின் துணைப்படையில் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் 1 கணினியில் பணியாற்ற அனுப்பப்பட்டார். அக்கணினி ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுடையது. அதற்குரிய கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டுத் தர வேண்டும்.

அங்குதான் ஒரு சிக்கலை அவர் கண்டார். ஒருமுறை எழுதிய கணக்குப் பகுதி அடுத்த வேலைக்கும் தேவைப்பட்டது. எனவே, நிரலர்கள் சரியாக இயங்கிய பகுதிகளைத் தத்தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒருவரிடமிருந்து மற்றவர் பார்த்து எழுதினர். அவ்வாறு எழுதும்போது பிழைகள் நுழைந்தன. ஒருவர் எழுதிய ‘பி’ என்னும் ஆங்கில எழுத்து, மற்றவர் கண்ணுக்கு 13ஆகத் தெரிந்தது. மேலும், ஒரு பகுதியைப் புதிய நிரலில் சேர்க்கும்போது, அதிலுள்ள நினைவக முகவரிகள் அனைத்தையும் கூட்டி மாற்ற வேண்டியிருந்தது. அக்கூட்டலிலும் தவறு நேர்ந்தது. பிறர் உழைப்பைப் பயன்படுத்துவது எளிதாகத் தோன்றினாலும், அதைப் பிழையின்றிப் பொருத்துவதே கடினம் என்பதை ஹாப்பர் உணர்ந்தார்.

பார்த்து எழுதுவதும் கூட்டுவதும் மனிதர் தடுமாறும் வேலைகள். கணினிக்கோ அவை கைவந்தவை. அப்படியானால், அவ்வேலையைக் கணினியிடமே ஒப்படைத்தால் என்ன? 1949இல் எக்கர்ட்–மாக்லி கணினி நிறுவனத்தில் சேர்ந்த ஹாப்பர், யுனிவாக் கணினிக்காக இவ்வெண்ணத்தைச் செயல்படுத்தினார். சரிபார்த்த பகுதிகளைக் காந்த நாடாவில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புக் குறியீடு கொடுத்தார். நிரலர் குறியீடுகளை வரிசையாகத் தந்தால் போதும். கணினியே அப்பகுதிகளைத் தேடி எடுத்து, முகவரிகளை மாற்றி, முழு நிரலாகத் தொகுத்துவிடும். 1952இல் உருவான இத்தொகுப்பிக்கு ஏ-0 என்று பெயரிடப்பட்டது.

இதில் ஓர் இடர்ப்பாடும் எழுந்தது. இன்னும் நாடாவிலிருந்து எடுக்கப்படாத பகுதிக்குத் தாவுமாறு நிரல் கூறினால், அதன் முகவரியை எப்படி அறிவது? தம் கல்லூரிக் காலக் கூடைப்பந்தாட்டம் அவருக்கு நினைவுக்கு வந்தது. பந்தைத் தோழியிடம் எறிந்துவிட்டு முன்னே ஓடி, மீண்டும் அதைப் பெறுவது ஆட்டக்காரர்களின் உத்தி. அவ்வாறே, நினைவகத்தின் ஒரு மூலையில் தற்காலிகக் குறிப்பொன்றை இட்டுவைத்தார். தேவையான பகுதி வந்து சேர்ந்ததும் அக்குறிப்பு அதனுடன் இணைக்கப்பட்டது.

கணினி கணக்கு மட்டுமே போடும், நிரல் எழுதாது என்று கூறிப் பலர் இதை ஏற்க மறுத்தனர். ஹாப்பர் வாதிட்டதோடு நிற்கவில்லை; செய்தும் காட்டினார். 1953இல் ஏ-2 தொகுப்பி யுனிவாக் வாடிக்கையாளர்களுக்கு அதன் மூல நிரலுடன் வழங்கப்பட்டது. அதைத் திருத்தி மேம்படுத்துவோர் தம் மாற்றங்களை அனுப்பி வைக்குமாறும் வேண்டப்பட்டனர். இன்று திறந்த மூல மென்பொருள் என்று நாம் கூறும் பகிர்வு முறையின் தொடக்ககால எடுத்துக்காட்டு இது.

அடுத்து, வணிகத் துறையினர் குறியீடுகளுக்குப் பதிலாக ஆங்கிலச் சொற்களிலேயே நிரல் எழுத வேண்டும் என்று அவர் விரும்பினார். சொற்களும் கணினிக்கு வெறும் குறிகளே என்பதை விளக்க, அதே நிரலைப் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் எழுதிக் காட்டினார். அமெரிக்கக் கணினிக்கு அயல்மொழி புரிவதா என்று மேலாளர்கள் திகைத்தனர். இருப்பினும், அவரது முயற்சி புளோ-மேட்டிக் என்னும் நிரல்மொழியாக மலர்ந்தது.

அக்காலத்தில் ஒரு நிறுவனத்தின் கணினிக்கு எழுதிய நிரல் மற்றொரு நிறுவனத்தின் கணினியில் இயங்காது. கணினியை மாற்றினால் பல ஆண்டு உழைப்பும் வீணாகும். இக்குறையைப் போக்க, 1959இல் அரசுத் துறையினரும் கணினி நிறுவனத்தாரும் ஒன்றுகூடிக் கோபோல் என்னும் பொது நிரல்மொழியை வகுக்கத் தொடங்கினர். அதற்குப் பெரிதும் அடிப்படையாக அமைந்தது புளோ-மேட்டிக். 1960ஆம் ஆண்டு டிசம்பரில், இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஏறத்தாழ ஒரே கோபோல் நிரல் வெற்றிகரமாக இயங்கியது.

ஆனால், மொழி ஒன்றாக இருந்தாலும் தொகுப்பிகள் பலவாக இருந்தன. ஒவ்வொன்றும் விதிகளைத் தன் போக்கில் புரிந்துகொண்டால், ஒரே நிரல் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். 1966இல் ஓய்வுபெற்ற ஹாப்பரை, கோபோலைச் சீர்படுத்தும் பணிக்காகக் கடற்படை மறு ஆண்டே மீண்டும் அழைத்தது. ஆறு மாதத்திற்கென வந்தவர் ஏறத்தாழ 19 ஆண்டுகள் பணியாற்றினார். தொகுப்பிகள் விதிப்படி இயங்குகின்றனவா என்று சோதிக்கும் நிரல்கள் அவரது வழிகாட்டலில் உருவாயின.

இளையோருக்குக் கற்பிப்பதிலும் அவர் மகிழ்ந்தார். ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்குறிப்பு கடக்கக்கூடிய தொலைவைக் காட்ட, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கம்பித் துண்டுகளை மாணவர்களுக்கு வழங்கினார். வழக்கத்தை மாற்ற அஞ்சக் கூடாது என்பதை உணர்த்த, தம் அலுவலகச் சுவரில் இடப்பக்கமாகச் சுழலும் கடிகாரத்தை மாட்டியிருந்தார். 1986இல், 79ஆம் வயதில், ரியர் அட்மிரல் என்னும் உயர்பதவியுடன் ஓய்வுபெற்றார். 1992ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மறைந்தார். 2016இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

இன்று ஜொகூர் மாநிலத்தின் கூலாய் வட்டாரத்தில் பெரிய தரவு மையங்கள் எழுந்துள்ளன. இத்தகைய மையங்களின் கணினிகளில் இயங்கும் மென்பொருள்களுள் பல, திறந்த மூலப் பொதிகளால் ஆனவை. ஒரு பொதி இயங்க வேறு பல பொதிகள் வேண்டும். அவற்றைத் தொகுக்க ஏற்ற தொகுப்பியும் வேண்டும். ஒன்றின் பதிப்பு பொருந்தாவிட்டாலும் முழு மென்பொருளும் நின்றுவிடலாம். ஆகவே, எது எதைச் சார்ந்துள்ளது என்பதைப் பொதியாக்குவோர் தெளிவாகக் குறித்து வைக்கின்றனர். பிறர் கணினியிலும் இயங்குகிறதா என்று சோதிக்கின்றனர். பிறர் உழைப்பைப் பயன்படுத்துவோர் அதைச் சரியாகப் பொருத்தும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். குறிப்பேட்டுப் பிழைகளிலிருந்து ஹாப்பர் அம்மையார் கற்ற இப்பாடம் இன்றைய நிரலருக்கும் வழிகாட்டுகிறது.