மலையுச்சியில் நின்று பூமியை அளந்த அல்பீரூனி

நாள்தோறும் ஐந்து வேளையும் நாம் கிப்லாவை முன்னோக்கித் தொழுகின்றோம். அத்திசை எதுவென்று நாம் ஐயுறுவதில்லை. பள்ளிவாசலின் மிஹ்ராபு அதனைக் காட்டிவிடுகின்றது. ஆயின், கஃபாவிற்கு நெடுந்தொலைவிலுள்ள ஓர் ஊரில் முதன்முதல் மிஹ்ராபு எழுப்பியோர் அத்திசையை எங்ஙனம் அறிந்தனர்? மலைகளும் பாலைவனங்களும் இடையே கிடக்க, கண்ணுக்கெட்டாத ஓர் இடத்தின் திசையைக் கணித்தல் எளிதன்று. அப்பணியைக் கடமையாக மேற்கொண்டு, அதன் பொருட்டுப் பூமியின் அளவையே கண்டறிய முற்பட்ட ஒரு பேரறிஞரின் வரலாற்றை இவ்வாரம் காண்போம். அவரே அபூ ரைஹான் அல்பீரூனி.

ஹிஜ்ரி 362-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 973-இல், குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரை அடுத்த பகுதியில் அவர் பிறந்தார். அந்நிலப்பகுதி இன்று உஸ்பெகிஸ்தானில் உள்ளது. குவாரிஸ்ம் அரச குடும்பத்தைச் சேர்ந்த அபூ நஸ்ர் மன்சூர் என்னும் கணித மேதை அவருக்கு ஆசானாக வாய்த்தார். முக்கோணங்களின் பக்கங்களுக்கும் கோணங்களுக்கும் உள்ள உறவை ஆராய்வதில் வல்லவர் அவர். அவரிடம் பயின்ற அல்பீரூனி, இருபது வயதை எட்டுமுன்னரே, நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து தம் ஊரின் அட்சரேகையைக் கணித்துவிட்டார்.

இக்கணக்கின் உயிர்நாடி யாதெனில், செங்கோண முக்கோணமே. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் 3 அடிக் கோலொன்றை நிமிர்த்தி நடுங்கள். அதன் நிழல் 4 அடி இருப்பதாகக் கொள்வோம். அதே வேளையில் உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் மினாராவின் நிழல், அதன் அடியிலிருந்து 80 அடி நீண்டிருந்தால், மினாராவின் உயரம் 60 அடி என்பது ஏணி வைத்து ஏறாமலே தெரிந்துவிடும். கோலும் நிழலும் அமைக்கும் சிறு முக்கோணமும், மினாராவும் நிழலும் அமைக்கும் பெரு முக்கோணமும் ஒரே வடிவின. இனி, மினாராவின் உச்சியிலிருந்து நிழலின் நுனிவரை கயிறு கட்டினால் எத்தனை அடி வேண்டும்? 60-ஐயும் 80-ஐயும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 10,000 வரும். அதன் வர்க்கமூலம் 100. ஆகவே 100 அடிக் கயிறு போதும். வீடு கட்டும் கொத்தனார் 3, 4, 5 என்னும் அளவுகளால் மூலைமட்டம் சரிபார்ப்பதும் இவ்விதியினாலேயே.

நம் தொழுகை நேரங்களும் நிழலோடு பிணைந்தவையே அன்றோ! நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்திற்குச் சமமாகும்போது அஸர் நேரம் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வழி. இரு மடங்காகும்போது என்பது ஹனஃபி மத்ஹபில் பெரும்பாலோர் பின்பற்றும் வழி. நிழல்களைப் பற்றியே தனியொரு நூல் இயற்றிய அல்பீரூனி, இத்தகைய நேரக் கணக்குகளை அதில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அவருடைய வாழ்வு அமைதியாக ஓடிய ஆறு அன்று. 995-இல் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. இளைஞரான அவர் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. எனினும் ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை. 997-ஆம் ஆண்டு மே மாதச் சந்திர கிரகணத்தை அவர் காத் நகரிலும், அறிஞர் அபுல் வஃபா பக்தாதிலும் நோக்கினர். இரு நகரங்களிலும் கண்ட நேரங்களின் வேறுபாட்டைக் கொண்டு, அவ்விரண்டிற்கும் இடையேயான தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணித்தனர்.

1017-இல் கஸ்னாவின் சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றியபோது, ஏனைய அறிஞர்களோடு அல்பீரூனியும் கஸ்னாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டார். மறு ஆண்டு காபூலை அடுத்த ஒரு சிற்றூரில் அவர் தங்க நேர்ந்தது. கையில் கருவி ஏதுமில்லை. அதற்காக அவர் சோர்ந்து அமரவில்லை. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் வட்டவில் ஒன்றை வரைந்து, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதனையே கருவியாக்கிச் சூரியனின் உயரத்தை அளந்தார். வசதி வந்த பின்னர் கற்போம் என்று காலங்கடத்தும் நமக்கு இதில் எத்துணைப் பெரிய பாடம் உள்ளது!

கஸ்னாவின் கிப்லாவைச் சரியாக நிர்ணயிக்க வேண்டும் என்பது அவரது பெருநோக்கங்களுள் ஒன்று. அதற்கு நகரங்களுக்கிடையேயுள்ள வழித்தொலைவை மைலிலிருந்து பாகையாக மாற்ற வேண்டும். அதற்குப் பூமியின் அளவு தெரிய வேண்டும். கலீஃபா மாமூன் காலத்து அறிஞர்கள் சமவெளியில் நெடுந்தொலைவு நடந்து ஒரு பாகையின் நீளத்தை அளந்திருந்தனர். அதனை மீண்டும் அளந்து பார்க்க அல்பீரூனி முன்னரே முயன்றதுண்டு. ஆனால் துணை நிற்பார் இன்மையால் அம்முயற்சி கைகூடவில்லை. ஆகவே, நெடுந்தொலைவு நடக்கத் தேவையில்லாத வேறொரு வழியை அவர் மேற்கொண்டார்.

இன்றைய பாகிஸ்தானில், பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் நந்தனா என்னும் கோட்டை உள்ளது. அதனருகே, பரந்த சமவெளியை நோக்கி நின்ற மலையொன்றை அவர் தேர்ந்துகொண்டார். முதலில், கீழே நின்று முக்கோணக் கணக்கினால் மலையின் உயரத்தை அளந்தார். அது சற்றேறக்குறைய 652 முழம். பின்னர் உச்சிக்கு ஏறி, வானும் நிலமும் கூடும் கோட்டை நோக்கினார். அப்பார்வைக்கோடு கிடைமட்டத்திலிருந்து 34 கலை, அதாவது அரைப் பாகைக்குச் சற்றே கூடுதலாகத் தாழ்ந்திருந்தது.

இனி மனத்தில் ஒரு முக்கோணத்தை வரைந்துகொள்ளுங்கள். மலையுச்சி ஒரு முனை. பார்வைக்கோடு பூமியைத் தொடும் இடம் ஒரு முனை. பூமியின் மையம் மற்றொரு முனை. தொடும் இடத்தில் செங்கோணம் அமையும். ஒரு பக்கம் பூமியின் ஆரம். செங்கோணத்திற்கு எதிரேயுள்ள கர்ணமோ, அதே ஆரத்தோடு மலையின் உயரமும் கூடியது. மையத்திலுள்ள கோணம், உச்சியில் அளந்த அதே 34 கலை. கோணம் தெரிந்தால் பக்கங்களின் விகிதம் தெரியும். மலையின் உயரமோ கையில் உள்ளது. ஆகவே ஆரம் வெளிப்பட்டுவிடும். அவர் கண்ட விடை 1,28,03,337 முழம். இதிலிருந்து ஒரு பாகைக்கு ஏறத்தாழ 56 மைல் என வந்தது. மாமூன் காலத்து அளவோடு அது நெருங்கி நின்றது. இம்முறையைக் கஸ்னாவின் கிப்லாவிற்காகவே எழுதி 1025-இல் முடித்த நூலில் அவர் பதிவு செய்துள்ளார்.

அவருடைய முழத்தை ஏறத்தாழ அரை மீட்டர் எனக் கொண்டால், பூமியின் ஆரம் 6,400 கிலோமீட்டர் வருகிறது. இன்று அறியப்பட்ட அளவு 6,371 கிலோமீட்டர். எனினும் வாசகர்களே, பெருமிதத்தால் உண்மையை மிகைப்படுத்துதல் தகாது. முழத்தின் துல்லியமான நீளம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. காற்று ஒளியை வளைப்பதால் அடிவானம் சிறிது உயர்ந்து தோன்றும். கோணத்தில் ஒரு கலை பிசகினும் விடை நூற்றுக்கு ஆறு பங்கு மாறிவிடும். ஆகவே விடையின் நெருக்கத்தில் நற்பேற்றுக்கும் பங்குண்டு. முறையின் செம்மையோ ஐயத்திற்கு இடமற்றது. அவருடைய பெருமை அம்முறையிலேயே நிலைபெற்றுள்ளது.

பாரத நாட்டில் அவர் சமஸ்கிருதம் பயின்று, இந்நாட்டு மக்களின் சமயத்தையும் கணிதத்தையும் வானநூலையும் காய்தல் உவத்தலின்றி ஆராய்ந்து பெருநூல் ஒன்று வரைந்தார். சுல்தான் மஸ்ஊதுக்கு உரிமையாக்கிய வானநூல் பேரேட்டிற்காக யானைச் சுமை வெள்ளி பரிசாக வந்தபோது, அதனை அவர் ஏற்காது திருப்பி அனுப்பினார் என்பது வழிவழி வந்த செய்தி.

அவருடைய இறுதி வேளை பற்றியும் ஒரு செய்தி கூறப்படுகிறது. காணவந்த சட்ட அறிஞர் ஒருவரிடம், முன்பு பேசிய வாரிசுரிமைக் கணக்கொன்றின் விளக்கத்தை அவர் கேட்டாராம். இந்நிலையிலா என்று வந்தவர் திகைக்க, அறியாமலே உலகைவிட்டுப் போவதினும் அறிந்து போவதே மேல் என்னும் கருத்தில் மறுமொழி கூறினாராம். விளக்கம் பெற்றுத் தாமும் அதனைத் திருப்பிச் சொன்னார். விடைபெற்றுத் தெருவில் இறங்கிய அறிஞரின் செவிகளில், அவ்வீட்டிலிருந்து எழுந்த அழுகுரல் விழுந்தது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் செங்கோண முக்கோணக் கணக்கைக் கண்டு, இது எதற்குப் பயன்படும் என்று கேட்கக்கூடும். அவர்களை வெயிலுக்கு அழைத்துச் சென்று, ஒரு கோலை நட்டு, நிழலை அளந்து காட்டுங்கள். அஸர் நேரத்தை அறிவிக்கும் அந்நிழலே பூமியை அளக்கும் கல்விக்கும் வாயில் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். பயனுள்ள கல்வியை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக!