சார்லஸ் பாபேஜ்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நடுக்கடலிற் செல்லும் மாலுமிக்குத் தன் கலம் நிற்கும் இடத்தை அறிவித்தவை விண்மீன்களும் கணிதப் பட்டியல்களுமே. விண்மீன் பொய்க்காது, பட்டியல் பொய்க்கும். ஓர் இலக்கம் பிறழின் கலம் பாறையில் மோதவுங் கூடும். ஆதலின் இருவர் தனித்தனியே கணித்து, விடைகளை ஒப்பிட்டுத் திருத்துவது வழக்கம். ஆயினும் இருவரும் ஒரே இடத்தில் வழுவுதலும் உண்டு. படியெடுப்போரும் அச்சுக் கோப்போரும் புதுப் பிழைகளைச் சேர்ப்பர். இக்குறையைக் களைவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயர்.

இவர் 1791ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்திற் பயின்றார். பின்னர் 1828 முதல் 1839 வரை, நியூட்டன் வகித்த கணிதப் பேராசிரியர் பதவியை அங்கே தாமும் வகித்தார்.

1821இல் நண்பர் ஜான் ஹெர்ஷலுடன் வானநூற் கணக்குகளை ஒப்பிட்டு நோக்குகையிற் பிழைமேற் பிழை கண்டு, இவற்றை நீராவி கணித்தல் ஆகாதோ என ஏங்கினார். அவ்வேக்கத்திற் பிறந்ததே வேற்றுமை இயந்திரம். 1, 4, 9, 16 என்னும் வர்க்கங்களின் வேற்றுமை 3, 5, 7. அவற்றின் வேற்றுமையோ என்றும் 2. ஆகவே கூட்டல் ஒன்றே வல்ல சக்கரங்கள் பட்டியல் முழுவதையும் தந்துவிடும். அச்சுத் தகட்டையும் அதுவே ஆக்குமாறு வகுத்தார். சக்கரம் இரண்டு இலக்கங்களுக்கு இடையே தடுமாறினால், தவறான விடை தாராமல் இயந்திரம் இறுகி நின்றுவிடும்.

1827இல் தந்தையையும் மனைவியையும் மைந்தர் இருவரையும் இழந்தார். அரசினரோ 17,000 பவுனுக்கு மேற் செலவிட்ட பின், 1842இல் அம்முயற்சியைக் கைவிட்டனர்.

ஆயினும் 1834 முதலே அவர் உள்ளம் வேறொன்றிற் படிந்திருந்தது. அது பகுப்பியந்திரம், துளையிட்ட அட்டைகளின் ஏவலால் இயங்குவது. இக்காலக் கணினி நிரலுக்கு அவ்வட்டைகளே முன்னோடி எனலாம். இடையே ஓர் எண்ணின் மடக்கை வேண்டப்படின், இயந்திரம் மணியடித்து நிற்கும்; ஏவலாளன் அவ்வெண்ணும் மடக்கையும் கொண்ட அட்டையை இடுவான். இயந்திரம் அவனை நம்பாது! தான் கேட்ட எண்ணிலிருந்து அட்டையின் எண்ணைக் கழித்துப் பார்க்கும். மீதி சுழியாயின் மேற்செல்லும். அன்றேல் முன்னினும் உரக்க மணியடித்து நின்றுவிடும். எண் சரியாயிருந்து மடக்கை பிழைபடின் என் செய்வது என வினவலாம். அதற்காகவே அவ்வட்டைகளையும் இயந்திரமே கணித்துத் துளையிட வேண்டுமென்றார். இன்று ஒரு நிரலின் விடையை மற்றொரு நிரல் தானே சோதிக்கின்றது. அம்மணியோசையில் இதன் முதற்குரலைக் கேட்கின்றேன்.

அம்மணி அவர் செவியில் ஒலிக்கவேயில்லை. முழு இயந்திரம் எதனையும் காணாமலே 1871ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் காலமானார். அவர் விட்டுச்சென்ற இரண்டாம் வேற்றுமை இயந்திரத்தின் வரைபடங்களைக் கொண்டு, இலண்டன் அறிவியற் காட்சிசாலையார் 1991இல் அதன் கணிக்கும் பகுதியைச் செய்து முடித்தனர். வரைபடங்களிற் சிற்சில பிழைகள் காணப்பட்டன. அவற்றைத் திருத்திய பின்னர், இயந்திரம் 31 இலக்கம் வரை வழுவின்றிக் கணித்தது.