நாசரேத்துக் கனோன் மர்காஷிஸ்

முத்துக்குளித்துறையை அடுத்த செம்மணல் தேரி நாட்டில் பனையே பெருஞ்செல்வம். பனை பொய்த்தால் பசியே மிச்சம். அந்நாட்டின் நாசரேத் என்னும் சிற்றூருக்கு, மருத்துவம் பயின்ற ஆங்கிலேய இளைஞர் ஆர்தர் மர்காஷிஸ் 1876-இல் சமயத் தொண்டராக வந்து சேர்ந்தார். அவர் வந்த வேளை, தாது வருடப் பஞ்சம் தலைகாட்டிய வேளை. 1878 வரை நீடித்த அப்பஞ்சமும் உடன் வந்த வாந்திபேதியும் பிள்ளைகள் பலரைப் பெற்றோரற்றவராக்கித் தெருவில் நிறுத்தின. மர்காஷிஸ் அவர்களைக் கூட்டிச் சேர்த்து அனாதைச் சாலை அமைத்தார்.

கஞ்சி வார்த்தலோடு கடமை தீர்ந்ததென அவர் கருதவில்லை. அந்நாளில் நம் ஊர்களில் தச்சும் கொல்லும் நெசவும் தந்தை வழியே மகனுக்கு வந்தன. தந்தையை இழந்த சிறுவனுக்கு உளி பிடிக்கக் கற்பிப்பவர் யார்? பிற குலத்தாருக்குத் தொழில் சொல்லித்தர மரபும் எளிதில் இடந்தரவில்லை. இவ்விடர்ப்பாட்டிற்கு விடையாக 1878-இல் எழுந்ததே நாசரேத் கலைத் தொழிற்பள்ளி. பனையேறியின் மகன் அங்கே இழைப்புளி பிடித்தான். சமயம் பரப்புதலும் அப்பணியின் நோக்கங்களுள் ஒன்று என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், குலத்தொழில் என்னும் வேலியில் அப்பள்ளி திறந்த வாயில் சிறிதன்று.

மருத்துவமனை, பெண்கல்வி என அவர் கைவைத்த துறைகள் வேறும் உள. முப்பதாண்டுகளுக்கு மேல் அவ்வூரிலேயே உழைத்து, 1908-இல் அங்கேயே கண்மூடினார். அவ்வூர் மேல்நிலைப்பள்ளி அவர் பெயரையே தாங்கியுள்ளது.