ஹெர்மன் எபிங்கவுஸ்

பரீட்சைக்கு முன்னிரவில் நெட்டுருச் செய்த பாடம் அடுத்த வாரமே நம்மை விட்டு அகன்றுவிடுவதை மாணவர் எல்லோரும் அறிவர். அஃது எவ்வளவு விரைவில் அகலுகின்றது என்பதை முதன்முதல் அளந்து கூறியவர் ஹெர்மன் எபிங்கவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர்.

இவர் 1850ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் பார்மென் நகரில் ஒரு வணிகரின் புதல்வராய்ப் பிறந்தார். பதினேழாம் வயதில் பான் சர்வகலாசாலையை அடைந்து சரித்திரமும் மொழிநூலும் பயின்று, பின்னர்த் தத்துவத்தில் ஈடுபட்டார். 1870இல் மூண்ட பிரெஞ்சு யுத்தத்தில் போர்வீரராய்ச் சேவித்தமையால் படிப்பு தடைப்பட்டு, 1873இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ச் சில ஆண்டுகள் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் காலங் கழித்தார். அந்நாட்களில் பழைய புத்தகக் கடையொன்றில் பெக்னர் என்பார் 1860இல் இயற்றிய நூல் இவர் கைக்கு எட்டியது என்பர். புலனுணர்ச்சியைக் கணிதத்தால் அளக்க முயன்ற நூல் அது. உணர்ச்சியை அளக்கலாமெனின் ஞாபகத்தை ஏன் அளத்தலாகாது என்னும் எண்ணம் இவருள்ளத்தில் வேரூன்றிற்று. உயர்ந்த மனச்செயல்கள் பரிசோதனைக்கு அடங்கா என்பதே அக்காலத்து அறிஞர் பலரின் கொள்கை.

இவருக்கு ஆய்வுக்கூடமுமில்லை; துணைவருமில்லை. தம்மையே பரிசோதனைப் பொருளாக்கிக் கொண்டார். பொருளுள்ள சொற்களை ஒருவர் முன்னரே அறிந்திருத்தல் கூடுமாதலின், இரு மெய்யொலிகளுக்கிடையே ஓர் உயிரொலி வைத்துப் பொருளற்ற அசைகள் ஏறக்குறைய 2300 ஆக்கினார். அவற்றை வரிசைப்படுத்தி, கடிகாரத் துடிப்பிற்கிசைய ஒரே வேகத்தில் வாய்விட்டுப் படித்து, பிழையின்றிச் சொல்லும்வரை உருவேற்றுவார். குறித்த காலம் சென்றபின் அவ்வரிசையையே மீண்டும் கற்பார். முதன்முறை பத்து நிமிஷமும் மறுமுறை ஆறு நிமிஷமும் ஆயின், மிச்சமான நான்கு நிமிஷமே மனத்தில் தங்கியதன் அளவு. இவ்வேலையை 1879-80இலும், மீண்டும் 1883-84இலும் தளராது செய்தார். பொருளற்ற ஒலிகளை இத்தனை நாள் உருப்போட நம்மில் எவர் உடன்படுவர்!

1885இல் வெளியான ஞாபகத்தைப் பற்றிய சிறு நூலில் கண்ட முடிவு இது: சுமார் இருபது நிமிஷத்தில் நூற்றுக்கு 58 பங்கு தங்கும், ஒரு மணியில் 44, ஒரு நாளில் 34, ஆறு நாளில் 25, முப்பத்தொரு நாளிலும் 21. மேலும், முதல்நாள் ஒரே மூச்சில் 68 முறை படித்ததன் பயனை, மூன்று நாட்களிற் பகிர்ந்து படித்த 38 முறையே தந்தது. முன்னிரவு மாணவர் இதனைக் கவனிப்பாராக.

இவர் காலத்தின் மடக்கையைக் கொண்டு ஒரு சூத்திரமும் அமைத்தார். எஞ்சியதில் ஒரே விகிதம் ஒவ்வொரு மணியும் குறையும் என்னும் எளிய வகைக்கெழுச் சமன்பாடு இவ்வெண்களுக்குப் பொருந்தாது. முதல் மணியிற் பாதிக்கு மேல் போக, கடைசி இருபத்தைந்து நாட்களிற் போவது நான்கு பங்கே. ஆதலின் இக்காலக் கணிதர் சிலர் பின்னப்படிச் சமன்பாடுகளைக் கையாளுகின்றனர். அரைப்படி வகைக்கெழுவுக்குப் பொருள் யாது என்னும் வினா லைப்னிட்ஸ் 1695இல் எழுதிய கடிதத்திலேயே உள்ளது. அத்தகைய சமன்பாட்டில் ஒரு கணத்தின் மாறுதலை அக்கணத்து நிலை மட்டுமன்று, கடந்த காலம் முழுவதும் நிர்ணயிக்கின்றது. அதன் விடை முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் இறங்கும்.

நிற்க. பெர்லினில் ஆசிரியராயிருந்த இவருக்கு 1894இல் உயர்பதவி கிட்டவில்லை; அது ஸ்டும்ப் என்பாருக்குச் சென்றது. இவர் வெளியிட்டவை சிலவே என்பது காரணமாகக் கூறப்படும். பிரெஸ்லௌ நகரஞ் சென்று, பள்ளிச் சிறுவரின் மனத்திறனை அறிய, விடுபட்ட இடங்களை நிரப்பும் சோதனையை 1897இல் வகுத்தார். 1905இல் ஹாலே சேர்ந்தார்.

பைரனின் டான் ஜுவான் காவியச் செய்யுட்கள் சிலவற்றையும் இவர் முன்பு மனனஞ் செய்திருந்தார். இருபத்திரண்டு ஆண்டு கழித்து அவற்றை மறுபடியும் கற்றபோது, உழைப்பிற் சிறிது இன்னும் மிச்சமாவதைக் கண்டார். 1909ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், தம் ஐம்பத்தொன்பதாம் வயதில், நுரையீரல் சுரத்தால் ஹாலேயில் காலமானார்.