பேகம் ருகையா அம்மையார்

வங்காளத்து முஸ்லிம் பெண்களின் கல்விக்காகப் பாடுபட்ட பேகம் ருகையா ஸகாவத் ஹுஸைன் அம்மையாரை நம் தமிழகத்து வீடுகளில் அதிகம் பேர் அறிந்திருக்க மாட்டார்கள். ஆயினும் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை, 1905-ல் முதன்முதலாக வெளிவந்தது நம் சென்னையிலிருந்து நடந்த மாதர் பத்திரிகை ஒன்றில்தான்.

1880-ல் ரங்பூர் மாவட்டம் பைராபந்து கிராமத்தில் ஒரு ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். அங்கே கோஷா மிகக் கடுமை. ஐந்து வயதிலேயே, வேற்றுப் பெண்கள் வீட்டுக்கு வந்தால்கூட ஓடி ஒளிய வேண்டும்! குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுத்தார்கள். வங்காளியும் ஆங்கிலமும் கூடாது என்றார்கள். வீடு உறங்கிய பின் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவற்றைச் சொல்லிக் கொடுத்தவர் அண்ணன் இப்ராஹீம் ஸாபிர்.

கணவர் ஸகாவத் ஹுஸைன் பாகல்பூரில் டிப்டி மாஜிஸ்திரேட். மனைவியை எழுதத் தூண்டியவர் அவரே. பெண்கள் பள்ளிக்கூடத்துக்கென 10,000 ரூபாய் ஒதுக்கி வைத்துவிட்டு 1909-ல் வஃபாத்தானார். பெற்ற இரு பெண் மக்களும் சிசுவிலேயே போய்விட்டனர். தனித்து நின்ற அம்மையார், அவ்வாண்டிலேயே ஐந்து மாணவிகளுடன் பாகல்பூரில் பள்ளியைத் தொடங்கினார். சொத்துத் தகராறில் ஊரை விட்டே வெளியேற நேர்ந்தது. 1911 மார்ச் 16-ல் கல்கத்தாவில் எட்டுப் பிள்ளைகளுடன் மீண்டும் தொடங்கினார். தாம் எந்தப் பள்ளியிலும் படித்திராதவர், மற்றவர்களின் பள்ளிகளுக்குச் சென்று பார்த்தே நிர்வாகம் கற்றார்.

திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பகுதியின் செங்கம் சாலையில், முக்காடிட்ட நம் பெண் பிள்ளைகள் புத்தகப் பையுடன் பஸ்ஸுக்கு நிற்பதை இன்று சாதாரணமாகப் பார்க்கிறோம். அன்று கல்கத்தாவில் அந்த பஸ்தான் பெரும்பாடு. கோஷாவுக்காக நாலாபுறமும் அடைத்து ஒரு வண்டி செய்தார்கள். காற்றில்லாமல் பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள். அடைப்பை எடுத்துத் திரை கட்டினால், திரை காற்றில் பறக்கிறது, கோஷா கெடுகிறது என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. கல்வி தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஃபர்ளு என்று மேடைதோறும் முழங்கும் சமுதாயத்தில்தான் இதுவும் நடந்தது. அம்மையாரோ புர்கா அணிந்தே வெளியில் சென்றார். தம்மைக் காரணம் காட்டி யாரும் பிள்ளையை நிறுத்திவிடக் கூடாதல்லவா! அடக்கம் வேறு, அடைத்து வைப்பது வேறு என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. நாமும் அதையே சரியென்கிறோம்.

பள்ளியில் குர்ஆனைப் பொருளறிந்து ஓத வேண்டுமென்றார். வங்காளி, ஆங்கிலம், உருது, பார்ஸியுடன் தையல், சமையல், முதலுதவி, தேகப் பயிற்சியும் உண்டு.

1916-ல் ‘அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம்’ என்ற மாதர் சங்கத்தை நிறுவினார். வீடு வீடாகச் சென்று பெண்களை அழைத்தார். அப்படி வந்த ஒரு பெண்மணி, கூட்டம் முடிந்ததும், கூட்டம் என்று சொல்லி வெளியே கூட்டி வந்தீர்களே, அதை இன்னும் காட்டவில்லையே என்று கேட்டாராம். சிரிப்பு வருகிறது, ஆனால் அவர் அதுவரை நான்கு சுவர்களைத் தவிர எதைக் கண்டார்? விதவைகளுக்கு உதவி, ஏழைக் குமர்களுக்கு நிகாஹ் செலவு, சேரிப் பெண்களுக்கு எழுத்தறிவு என அந்தச் சங்கம் வளர்ந்தது.

1932 டிசம்பர் 9 அன்று, தம் பிறந்த தேதியிலேயே அம்மையார் இறையடி சேர்ந்தார். பெண்ணின் உரிமை பற்றிய கட்டுரை ஒன்று மேஜைமேல் பாதியில் நின்றது. கணவர் பெயர் தாங்கிய அந்தப் பள்ளி கல்கத்தாவில் இன்றும் நடக்கிறது.